15 நிமிடத்தில் முடிந்த பெரா பரிசோதனையை நம்பலாமா?

கேள்வி: எங்கள் மூன்று மாதக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அறிய எடுத்த பெரா பரிசோதனை, குழந்தை விழித்துக்கொண்டதால் ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் பாதியில் நின்றது. வேறொரு மையத்தில், புள்ளியியல் முறையில் தானே முடிவெடுக்கும் கருவி என்று சொல்லி, 15 நிமிடத்தில் முடித்து, இரு காதிலும் ‘பதில் இல்லை’ என்று அறிக்கை தந்து, அங்கேயே காது கேட்கும் கருவியும் வாங்கச் சொல்கிறார்கள். இவ்வளவு விரைவான முடிவை நம்பலாமா?

பதில்: விரைவாக முடிந்ததே தவறு என்று எண்ண வேண்டாம். ஆனால் விரைவாக வந்த ‘இல்லை’ என்ற முடிவை அப்படியே ஏற்கவும் வேண்டாம்.

ஒலியைக் கேட்டதும் செவிநரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்பதிலைத்தான் பெரா அளக்கிறது. அது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவானது. மூளையின் பிற மின்செயல்களும் கழுத்து, தாடைத் தசைகளும் எழுப்பும் இரைச்சல் அதைப் போல் பல மடங்கு. அதனால்தான் ஒரே ஒலியை ஆயிரக்கணக்கான முறை கொடுத்துச் சராசரி எடுக்கிறோம். இரைச்சலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பதிவுகள் தேவை என்பதால் நேரம் ஓடிவிடுகிறது. பதில் எப்போதோ தெளிவாகிவிட்ட பிறகும், வழக்கம் என்பதற்காகவே 2,000 பதிவுகளை எடுத்து முடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் குழந்தை உறங்கிய நேரத்தில் ஒரு பகுதி அப்படிக் கரைந்திருக்கலாம்.

1984-இல் எல்பர்லிங், டான் ஆகியோர் முன்வைத்த எஃப்எஸ்பி என்ற அளவு, சராசரி அலையின் ஏற்ற இறக்கத்தை அதில் எஞ்சியுள்ள இரைச்சலோடு ஒப்பிட்டு, இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்ற நிலை வந்ததும் நிறுத்தச் சொல்கிறது. பதில் வலுவாக இருந்தால் சில நூறு பதிவுகளிலேயே அந்த நிலை வந்துவிடும். ஆக, நேரம் மிச்சமாவது பதில் இருக்கும் இடத்தில்தான். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், இரைச்சல் சில பத்து நானோவோல்ட் அளவுக்கு அடங்கும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். எந்தக் கணிதமும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. குழந்தை ஆழ்ந்து உறங்கியிருந்தால் 15 நிமிடத்தில் அது முடியலாம். சிணுங்கிக்கொண்டோ பால் சப்பிக்கொண்டோ இருந்திருந்தால் அந்த அறிக்கைக்குப் ‘பதில் இல்லை’ என்று பொருளல்ல, ‘தெரியவில்லை’ என்றே பொருள். எனவே ஒவ்வோர் ஒலி அளவிலும் எஞ்சிய இரைச்சல் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கருவி கணக்கிட்டு வைத்திருக்கும் இந்த ஓர் எண்ணை அறிக்கையில் அச்சிடாமல் விடும் மையங்களைக் கண்டு எனக்கு அலுத்துவிட்டது.

பரிசோதித்தவரே காது கேட்கும் கருவியையும் விற்கிறார் என்றால், அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள். ‘இன்று வாங்கினால் தள்ளுபடி’ என்பது மருத்துவ ஆலோசனை ஆகாது. இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு: முதற்கட்டப் பரிசோதனையில் ‘பாஸ்’ வரும் வரை பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது. ஒரு முறைக்குத் தவறான ‘பாஸ்’ வரும் வாய்ப்பு 100-இல் ஒன்று என்றால், தனித்தனியாகப் பத்து முறை முயன்றால் அது ஏறத்தாழ 100-இல் பத்தாகிவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்ததா, கடும் மஞ்சள் காமாலை இருந்ததா, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால், உள்செவி இயங்கியும் நரம்பின் துடிப்புகள் ஒருங்கே செல்லாத செவிநரம்புக் கோளாறு இருக்கக்கூடும். அதில் உள்செவி எழுப்பும் ஒலியை அளக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனை பெரும்பாலும் ‘பாஸ்’ காட்டும். பெரா எவ்வளவு பொறுமையாக எடுத்தாலும் ‘இல்லை’ என்றே காட்டக்கூடும். அந்த ‘இல்லை’யை வைத்துக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்று கணிக்கவே முடியாது. தானியங்கிக் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒலியின் அழுத்தத் திசையை மாற்றினால் அலையும் தலைகீழாகிறதா என்று செவியியலாளர் கண்ணால் பார்த்தாக வேண்டும்; தலைகீழானால் அது நரம்பின் பதிலல்ல, உள்செவியின் பதில். ஓ.ஏ.இ. எடுக்காமல் காது கேட்கும் கருவி பொருத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், கேட்கும் குறை உறுதியானால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். உறங்கும் நேரத்தை ஒட்டி முன்பதிவு செய்து, வழியில் உறங்கவிடாமல் அழைத்துச் சென்று, மின்முனைகளை ஒட்டிய பிறகே பால் கொடுங்கள். குழந்தை எழுந்துவிட்டாலும் கையில் ஏதாவது இருக்கும்படி, ஒரே காதில் எல்லா அளவையும் முடிக்காமல், இரு காதிலும் முதன்மையான ஒலி அளவுகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.