பேய்க்குக் கொலையாளியைத் தெரிந்திருந்தாலும் சஸ்பென்ஸ் சாகாது

உங்கள் நாவலின் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆவியான நாயகி, தன்னைக் காதலிக்கும் இன்ஸ்பெக்டரிடம் கொலையாளி பெயரைச் சொல்லிவிடுகிறாள், அதன்பின் கதை படுத்துவிடுகிறது என்கிறீர்கள். பெயரை மறைக்க வேண்டாம். கொன்றவன் யாரென்று ஆவிக்கு மறந்துபோகும் உத்தி புளித்துப்போனது. பெயர் தெரிந்தும் கைது செய்ய முடியாத நிலைதான் உங்களுக்கு வேண்டும்.

ஆவி சொன்னதை வைத்து இன்ஸ்பெக்டரே கொலைக் கத்தியைத் தோண்டி எடுத்தால், "அது அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. இந்தியாவின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 23-இன்படி, போலீசிடம் தந்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் போலீஸ் காவலில் உள்ள, குற்றம் சாட்டப்பட்டவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அவன் சொன்னதில் அதற்கு நேரடியாக இட்டுச்சென்ற பகுதி மட்டும் செல்லும். ஆகவே கொலையாளியின் வாயாலேயே இடத்தைச் சொல்லவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சந்தேகம் இன்ஸ்பெக்டர் மேலேயே திரும்பும்.

இன்னொரு ஓட்டை: அவள் சுவர் புகுந்து எல்லோரையும் ஒட்டுக்கேட்பது. அவளை ஒரு பொருளோடு கட்டிப்போடுங்கள்; அது இருக்கும் இடத்தில்தான் அவளும் இருக்க முடியும். இறந்தபோது காலில் இருந்த கொலுசு என்று வையுங்கள். அது வழக்குச் சொத்து, கோர்ட்டுக்குப் போக வேண்டியது. அவளோடு பேசுவதற்காக இன்ஸ்பெக்டர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் வேலையே போகும். காதல் காட்சி ஒவ்வொன்றும் அப்போது குற்றமாகிவிடும். பதற்றம் அதிலேயே இருப்பதால், வசனம் பாதியாகக் குறைந்தாலும் போதும்.

யார் கண்ணுக்குத் தெரிவாள், எதைத் தொடுவாள் என்பதை இரண்டாம் அத்தியாயத்துக்குள் காட்டிவிடுங்கள். கிளைமாக்ஸில் புதுச் சக்தி கொடுத்தால் வாசகர் மன்னிக்கமாட்டார்.