கார்ட்டிசால் குறைவாம், எடை மட்டும் ஏறுகிறதாம்

கேள்வி: வயது 41. வங்கியில் வேலை. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ கூடிவிட்டது. முகம் உப்பிவிட்டது, வயிறு பெருத்துவிட்டது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால்தான் காரணம் என்று எடைக்குறைப்பு நிலையத்தில் சொல்லி, அதைக் கரைக்கும் பவுடர் என்று 4,500 ரூபாய்க்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். காலை 8 மணிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் 1.9 (மைக்ரோகிராம்/டெசிலிட்டர்). குறைவுதான், பயமில்லை என்கிறார்கள். மூட்டுவலிக்கு ஒருவரிடம் வாங்கும் பொடியைத் தவிர வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை.

பதில்: அந்தக் கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மன அழுத்தம் எடையை ஏற்றுமா? ஏற்றும், சுற்றுவழியில். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. காலையில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் பதற்றத்தில் கூடுதலாகச் சுரந்து பசியைக் கிளறும், நாக்கு இனிப்பும் பொரித்ததும் கேட்கும், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி இன்னும் கூடும். சிலருக்குச் சோறே இறங்காமல் இளைத்தும் போகும். இந்த ஹார்மோனைக் கரைக்கும் பவுடர் எதுவும் கிடையாது. 4,500 ரூபாய் போனது போனதுதான்.

உங்கள் கதை வேறு. காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் 3க்குக் கீழே இருந்தால், சுரப்பி வேலையை நிறுத்திவிட்டதோ என்றுதான் நாங்கள் சந்தேகப்படுவோம். முகம் உப்பியிருக்க, ரத்தத்தில் கார்ட்டிசால் இல்லை என்றால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் மருந்து, உள்ளே போகிறது என்பதே முதல் ஊகம். பெரும்பாலும் டெக்சாமெத்தசோன். கார்ட்டிசால் பரிசோதனையில் அது தெரியாது. உடல் அதைப் பார்த்து, 'நமக்கு வேண்டியது கிடைக்கிறது' என்று சொந்தச் சுரப்பை நிறுத்திவிடுகிறது.

என் சந்தேகம் உங்கள் மூட்டுவலிப் பொடி மீதுதான். இப்படிப் பொடி விற்பவருக்கு இது நல்ல வியாபாரம். மலிவான ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்தால் இரண்டே நாளில் வலி பறந்துவிடும். கைராசிக்காரர் என்று ஊரே பேசும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. அட்டை அட்டையாக அவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று எந்த மருந்து ஆய்வாளரும் கேட்பதில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தைச் சொல்கிறேன். முகம் வெளுக்கப் பூசும் களிம்புகளிலும் இதே வேலை நடக்கிறது.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கோபத்தில் பொடியை இன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடலுக்கு வெளி ஸ்டீராய்டும் இல்லை, சொந்தக் கார்ட்டிசாலும் இல்லை. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னும் மோசம். அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சுரப்பி விழித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். எடையும் மெதுவாகத்தான் இறங்கும்.

நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பார்க்க டோக்கன் எப்போது கிடைக்குமோ, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாளையே பொது மருத்துவர் ஒருவரிடம் போங்கள். பரிசோதனைச் சீட்டோடு பொடிப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள்.