கசப்பு மட்டும்தான் தெரிகிறதா? பண்ணை ஏலை இப்படிச் சுவையுங்கள்

கேள்வி: சிறிய ப்ரூவரி ஒன்றின் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான ஃபார்ம்ஹவுஸ் ஏல் (பண்ணை பாணி பீர்) வாங்கினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறந்தேன். நுரை பொங்கியது, பீர் கலங்கலாக இருந்தது, கிராம்பு வாசனை அடித்தது. குடித்தால் வெறும் கசப்பு. கெட்டுப்போனதா?

பதில்: நுரை, கலங்கல், கிராம்பு மூன்றுமே இந்த வகைக்கு உரியவை. பெல்ஜியத்தின் வலோனியா பகுதிப் பண்ணைகளில் தோன்றிய செஸோன் வகை இது. இதன் ஈஸ்ட் நல்ல வெதுவெதுப்பில் நொதித்து, மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும். இனிப்பு மிஞ்சாததால் கசப்பு மறைய இடமே இல்லை. மால்ட்டிலுள்ள ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல்குவாயகாலாக மாற்றுவதும் அதே ஈஸ்ட்தான். கிராம்பு மணம் அங்கிருந்தே வருகிறது.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் குளிர்ச்சிதான். 4 டிகிரியில் ஹாப்ஸின் மணம் மேலே எழாது. கசப்பும் கரியமில வாயுவின் சுருக்கென்ற கடிப்பும்தான் மிஞ்சும். 8 முதல் 12 டிகிரி வரை இதற்குச் சரியான சூடு.

பாட்டிலை ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் நிறுத்தியே வையுங்கள். வண்டல் அடியில் இறங்கிவிடும். வெளியே எடுத்து 15 நிமிடம் கழித்து, மூடியை மெல்ல நெம்பி வாயுவைச் சீறவிட்டுத் திறங்கள். வாய் குறுகிய ட்யூலிப் கிளாஸ் நல்லது. அதில் சோப்புப் பிசுக்கு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. கிளாஸைச் சாய்த்து 120 மில்லி ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி இரண்டு விரல் நுரை கட்டவிடுங்கள்.

குடிக்கும் முன் முகருங்கள். நுரை அடங்குவதற்குள் முதல் முறை: எலுமிச்சைத் தோல், புல், பூ எல்லாம் ஹாப்ஸ். கிளாஸைச் சுழற்றி இரண்டாம் முறை: மிளகும் கிராம்பும் ஈஸ்ட். பிறகு ஒரு வாய் குடித்து, விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விடுங்கள். கசப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மணம் அப்போதுதான் பிடிபடும். இந்த ஒரு படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி சுவைத்தால் வேறு பீர் போலிருக்கும். அடி வண்டலைக் கடைசியில் தனியாகச் சுவையுங்கள். சிலருக்கு அந்த ஈஸ்ட் ருசி பிடிக்கும்.

உண்மையான பழுதுகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. உருக்கிய வெண்ணெய் வாடை வந்தால் அது டைஅசிட்டைல், நொதித்தலில் உருவாகும் ஒரு சேர்மம். குதிரைத் தொழுவ வாடை வந்தால் லேபிளைப் பாருங்கள்: பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் சேர்த்திருந்தால் அது வேண்டுமென்றே செய்தது. நன்கு குளிர்ந்த, குலுக்காத பாட்டிலே நிற்காமல் பொங்கி, எதிர்பாராத புளிப்பும் இருந்தால் தொற்று என்று சந்தேகிக்கலாம். அதே தொகுப்பில் மிச்சமுள்ள பாட்டில்களைக் குளிரிலேயே வையுங்கள். அழுத்தம் ஏறினால் கண்ணாடி வெடிக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது, சமீபத்தில் அடைத்த, பழுப்பு பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். ஹாப்ஸ் மணம்தான் முதலில் மங்கும். பச்சைக் கண்ணாடி வழியே வெளிச்சம் பட்டாலோ அந்த ஹாப்ஸே நாற்றமெடுக்கும்.