ஸ்டால் எல்லாம் கேஷ்லெஸ் ஆக்கலாமா? மொதல்ல டவர் கிடைக்குதான்னு பாருங்க

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "நண்பர்கள் சேர்ந்து ஒரு காலேஜ் கிரவுண்டுல ரெண்டு நாள் சாப்பாடும் மியூசிக்குமா ஒரு ஃபெஸ்ட் நடத்துறோம். 30 ஸ்டால், ஒரு நாளைக்கு 5000 பேர் வருவாங்கனு கணக்கு. முழுசா கேஷ்லெஸ் பண்ணணும்னு ஆசை. கையில கட்டுற ரிஸ்ட்பேண்ட்ல காசு ஏத்தி விக்கிற சிஸ்டத்துக்கு ஒரு கம்பெனி கொட்டேஷன் குடுத்திருக்காங்க. அதை எடுக்கலாமா, இல்ல க்யூஆர் கோடு மட்டும் போதுமா?"

ரிஸ்ட்பேண்ட் வேணாங்க. உங்க சைஸ் ஈவன்ட்டுக்கு அது யானைய கட்டி தீனி போடுற வேலை. க்யூஆர் போதும், ஆனா ஸ்டிக்கர் ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க.

ரிஸ்ட்பேண்ட் ஏன் வேணாம்னு சொல்லிடுறேன். அதுக்குள்ள காசு எப்படி ஏறும்? உள்ள வர்றவங்க டாப்-அப் கவுண்ட்டர்ல நின்னு யூபிஐல கட்டணும், அப்பதான் ஏறும். அதாவது பஜ்ஜி கடை முன்னாடி நிக்க வேண்டிய க்யூவ நீங்க கேட் பக்கம் நகர்த்தி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். அப்புறம் மிச்சம் இருக்கற 40 ரூபா 60 ரூபாய்க்கு ரீஃபண்டு, அது வரலன்னா ஃபெஸ்ட் முடிஞ்சு ரெண்டு வாரம் உங்க இன்ஸ்டா பக்கத்துல திட்டு வாங்கிட்டே இருப்பீங்க. இங்கிலாந்துல டவுன்லோட் ஃபெஸ்டிவல்னு பெரிய ராக் திருவிழா, 2015ல முழுக்க ரிஸ்ட்பேண்டுக்கு மாறினாங்க, சிஸ்டம் படுத்துடுச்சு, காசு வச்சிருந்தும் ஜனங்க சாப்பாடு வாங்க முடியாம நின்னாங்க. அவ்ளோ பெரிய ஆளுங்களுக்கே அந்த கதி.

சட்டமும் இருக்கு. ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்ல போட்ட ப்ரீபெய்ட் விதிமுறைப்படி, காசு ஏத்தி வைக்கிற கார்டு ஒண்ண நீங்களே அனுமதி வாங்காம குடுக்கலாம், ஆனா அதை வச்சு உங்ககிட்ட மட்டும்தான் பொருள் வாங்க முடியணும். உங்க பேண்ட்ல ஏத்துன காசு 30 வேற வேற கடைக்காரருக்கு போகுதுன்னா அது அந்த வகைல வராது, லைசென்ஸ் இருக்கற கம்பெனி நடுவுல இருக்கணும். கொட்டேஷன் குடுத்தவங்ககிட்ட லைசென்ஸ் யாரோடதுன்னு கேட்டு பாருங்க, பதில் சுத்தி வளைச்சு வந்தா விட்டுடுங்க. இந்த சிஸ்டம் மேல ஆர்கனைசர்களுக்கு ஏன் இவ்ளோ ஆசைன்னா, எந்த ஸ்டால் எவ்ளோ வித்துச்சுன்னு தெரியும், தன்னோட பர்சன்டேஜ எடுத்துட்டு மீதிய குடுக்கலாம். உங்களுக்கும் அதுதான் காரணம்னா பர்சன்டேஜ விட்டுட்டு ஸ்டாலுக்கு இவ்ளோன்னு வாடகை வாங்கிடுங்க, தலைவலி மிச்சம்.

சரி, இப்ப உண்மையான பிரச்சினை, நெட்வொர்க். யூபிஐ பேமென்ட்டுக்கு டேட்டா ரொம்ப கொஞ்சம்தான் வேணும், ஆனா 5000 பேர் ஒரே கிரவுண்டுல நின்னு அதுல பாதி பேர் பாட்ட வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு இருக்கும்போது அந்த கொஞ்சமும் போகாது, வட்டம் சுத்திட்டே இருக்கும். கணக்கு போட்டு பாருங்க. நல்லா இருக்கும்போது ஒரு பேமென்ட் 20 செகண்ட்னு வச்சுக்கோங்க, 20 நிமிஷ பிரேக்ல ஒரு ஸ்டால் 60 பேர அனுப்பும், 30 ஸ்டாலுக்கு 1800 பேர். அதே பேமென்ட் ஒரு நிமிஷம் இழுத்துச்சுன்னா 600 பேர்தான். மீதி 1200 பேர் பசியோட க்யூவுல நிப்பாங்க. நான் ஒரு கண்காட்சில இதே மாதிரி மாட்டினேன், ஒரு பருத்திப்பால் வாங்க மூணு தடவ கட்டினேன், ரெண்டு பெண்டிங், ஒண்ணு ஃபெயில்டு, கடைக்கார அக்கா 'குடிச்சிட்டு போங்க தம்பி, வந்தா வரட்டும்'னு சொல்லிட்டாங்க. எத்தன பேருக்கு அவங்க அப்படி சொல்ல முடியும்?

முந்துன நாள் போய் காலி கிரவுண்டுல ஸ்பீட் டெஸ்ட் பண்றது வேஸ்ட், காலியா இருந்தா டவர் நல்லாத்தான் இருக்கும். அதே கிரவுண்டுல இதுக்கு முன்னாடி கல்ச்சுரல்ஸ் நடந்திருக்கும்ல, அன்னைக்கு கேன்டீன்ல யூபிஐ ஓடுச்சானு கேளுங்க, அதான் டெஸ்ட். அப்புறம் ஃபைபர் லைன் ரெண்டு, வேற வேற கம்பெனிது, தற்காலிகமா இழுக்க சொல்லுங்க, ரௌட்டருக்கு யூபிஎஸ் கட்டாயம் (ஜெனரேட்டர் மாத்துற அந்த அஞ்சு செகண்ட்ல ரௌட்டர் ஆஃப் ஆகி திரும்ப வர்றதுக்குள்ள நாலு நிமிஷம் போயிடும்). அதுல ஸ்டால் மிஷினுக்கு ஒரு வைஃபை, பாஸ்வேர்டு வெளிய போகக்கூடாது. காசு கட்ட வர்றவங்களுக்கு ஸ்டால் பக்கம் மட்டும் தனியா ஒண்ணு, ஸ்பீட குறைச்சு வைங்க, வீடியோ ஏத்த முடியாது, ஜிபே மட்டும் ஓடும். ஸ்டேஜுல இருந்து ஸ்டால்கள தள்ளி போடுங்க.

தள்ளி போட இன்னொரு காரணம் சவுண்ட்பாக்ஸ். டிரம்ஸ் அடிக்கும்போது அது 'நூற்றி இருபது ரூபாய் பெறப்பட்டது'னு கத்தினாலும் கடைக்காரருக்கு கேக்காது. உடனே அவரு கஸ்டமர் போன எட்டி பாத்து பச்சை டிக் இருந்தா சரின்னு விட்டுடுவாரு. அந்த பச்சை டிக்க காட்டுறதுக்குன்னே டுபாக்கூர் ஆப் இருக்கு. அதனால தொகை ஸ்கிரீன்ல தெரியற சவுண்ட்பாக்ஸோ, இல்ல பில் தொகையோட க்யூஆர் காட்டுற மிஷினோ வாங்க சொல்லுங்க. ஒட்டுன க்யூஆர் மேல வேற எவனாவது தன்னோடத ஒட்டிட்டு போறதும் நடக்குது, கவுண்ட்டருக்கு உள்பக்கம் தொங்க விடுங்க, காலைல கடை தொறந்ததும் ஒரு ரூபா அனுப்பி பேர் சரியா வருதானு பாருங்க.

க்யூஆர் கடைக்காரரோட பர்சனல் நம்பருக்கு போறதா இருக்கக்கூடாது, மெர்ச்சன்ட் க்யூஆரா, அதாவது வியாபாரக் கணக்குல எடுத்ததா இருக்கணும். ரூபே கிரெடிட் கார்ட யூபிஐல இணைச்சு வச்சிருக்கற ஆளுங்க மெர்ச்சன்ட் க்யூஆருக்குத்தான் அதுல கட்ட முடியும். பேங்க் அக்கவுண்ட்ல இருந்து நேரா வர்ற யூபிஐ காசுக்கு 2020 ஜனவரில இருந்து கடைக்காரருக்கு கமிஷன் எதுவும் இல்ல, சவுண்ட்பாக்ஸ் வாடகை மட்டும்தான். அப்புறம் பணம் அன்னைக்கே அக்கவுண்ட்டுக்கு வருமா, மறுநாளானு முன்னாடியே கேட்டு வைக்க சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு மாஸ்டருக்கு கூலியும் மறுநாள் கோழிக்கு காசும் குடுக்கணும், அவருகிட்ட போய் 'செட்டில்மென்ட் நாளைக்கு'ன்னு சொல்ல முடியாது.

சில கடைக்காரங்க யூபிஐயே வேணாம்பாங்க, கோவிச்சுக்காதீங்க. 2025 ஜூலைல கர்நாடகாவுல யூபிஐ வரவ பாத்து சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு, பெங்களூர்ல நெறைய கடைல க்யூஆர கழட்டிட்டு 'ஒன்லி கேஷ்'னு எழுதி வச்சாங்க. அந்த பயம் இங்கயும் இருக்கு. உட்காந்து பேசுங்க, பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ வியாபாரம் 40 லட்சம், சாப்பாட்டு கடை மாதிரி சர்வீஸுக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் ரிஜிஸ்ட்ரேஷன், ரெண்டு நாள் ஸ்டால் போடுறதால மட்டும் அது மாறாதுன்னு அவங்க ஆடிட்டரையே சொல்ல வைங்க.

கடைசியா அந்த 'முழுசா கேஷ்லெஸ்'ங்கற வார்த்தைய போஸ்டர்ல இருந்து எடுத்துடுங்க, ப்ளீஸ். 2025ல மார்ச் 26, ஏப்ரல் 12னு ரெண்டு நாள் நாடு முழுக்க யூபிஐ படுத்துச்சு, அதுல ஏப்ரல் 12 ஒரு சனிக்கிழமை. உங்க ஃபெஸ்ட் சனிக்கிழமைல வந்து அப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க? அம்மா குடுத்த இருநூறு ரூபா நோட்டோட வர்ற எட்டாங்கிளாஸ் பையன் என்ன பண்ணுவான்? அட்லான்டால மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம் 2019ல கேஷ நிறுத்தினப்போ கூட, நோட்ட போட்டா கார்டா மாத்தி குடுக்கற மிஷின உள்ள வச்சாங்க, அவங்களே வழி விட்டுத்தான் மூடுனாங்க. உங்களுக்கு மிஷின் வேணாம். ஸ்டாலுக்கு ஒரு கல்லாப்பெட்டி, ரெண்டாயிரம் ரூபாய்க்கு பத்தும் இருபதுமா சில்லறை, அது போதும். விலைய மட்டும் 50, 80, 100னு ரவுண்டா வைக்க சொல்லுங்க, 85 ரூபாய்னு போட்டா சில்லறை ஏழு மணிக்கே தீந்துடும்.

டிக்கெட் வாங்கினவங்களுக்கு அனுப்புற மெசேஜ்ல, வீட்டுலயே யூபிஐ லைட்ல (சின்ன தொகை கட்டுறதுக்குன்னு யூபிஐ ஆப்லயே இருக்கற பர்ஸ் மாதிரி) காசு ஏத்திட்டு வாங்கன்னு ஒரு வரி சேருங்க. 5000 ரூபா வரைக்கும் வச்சுக்கலாம், ஒரு தடவைக்கு 1000 வரைக்கும் பின் நம்பர் இல்லாம போகும், பேங்க் சர்வர் திணறினாலும் பெரும்பாலும் நடந்துடும். நெட் வேணும்தான், ஆனா சாதா யூபிஐய விட சட்டுனு முடியும். ரிஸ்ட்பேண்டுக்கு ஒதுக்கின காச ரெண்டாவது ஃபைபர் லைனுக்கு போடுங்க.