வாங்கும் முன், வாங்கிய பின்: பென் டிரைவ் கடிதங்கள்

ஆபீசில் விண்டோஸ், வீட்டில் மேக், மகனிடம் உபுண்டு. புது 128 ஜிபி பென் டிரைவை எதில் ஃபார்மட் செய்வது?
– வாசகி, ஈரோடு

மூன்றுக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில். விண்டோஸின் சொந்த ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுத விடாது. உபுண்டுவும் லினக்ஸ்தான்; லினக்ஸில் 2019-ல் வந்த 5.4 கெர்னல் (அதன் மையப் பகுதி) முதல் எக்ஸ்ஃபேட் உள்ளேயே உண்டு. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் சுலபமாகக் குழம்பும்.

64 ஜிபி வாங்கினேன், விண்டோஸ் 59 என்கிறது. ஏமாந்தேனா?
– சேலம்

இல்லை. கேபி, எம்பி, ஜிபி என ஒவ்வொரு படிக்கும் கம்பெனி ஆயிரத்தில் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ல்.

20 ஜிபி காலியாக இருந்தும் 6 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறது.
– நாகர்கோவில்

டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். கார் ஸ்டீரியோவுக்கு என்றால் ஃபேட்32-லேயே சின்னதாக ஒன்று தனியாக இருக்கட்டும். பல ஸ்டீரியோக்களுக்கு வேறெதுவும் தெரியாது.

ஆன்லைனில் 499 ரூபாய்க்கு 2 டெராபைட் பென் டிரைவ். முதலில் போட்ட படங்கள் திறக்கின்றன, பிறகு போட்டவை பெயர் மட்டும் தெரிகிறது.
– ஆசிரியை, தென்காசி

உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. உள்ளே இருப்பது சின்ன சிப். அதை இயக்கும் கன்ட்ரோலரை 2 டெராபைட் என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். நிஜ இடம் தீர்ந்ததும், எழுதுவது எங்கும் பதியாது, அல்லது பழைய படத்தின் மேலேயே ஏறும். ஃபைல் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் தப்பிக்கின்றன. என் ஆத்திரம் விற்றவன்மேல் மட்டுமில்லை, பார்சலைப் பிரித்த கையோடு ஐந்து ஸ்டார் போடும் மகான்கள்மேலும்தான். நிரப்பிப் பார்க்காமல் என்ன விமர்சனம்? நடைபாதையில் நான் வாங்கிய ஒன்று டிராயரில் கிடக்கிறது, இன்னமும் 512 ஜிபி என்று சாதிக்கிறது. சோதிக்கும் மென்பொருள்கள் உண்டு, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3: முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லும். திறக்கும் படங்களை முதலில் வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள்.

குழந்தையின் படங்கள் எல்லாம் ஒரே டிரைவில், மேக்கில் ஃபார்மட் செய்தது. விண்டோஸில் செருகினேன், 'ஃபார்மட் செய்யவா' என்றது, ஓகே கொடுத்துவிட்டேன்.
– கோவை

ஏன் கொடுத்தீர்கள்? தனக்குப் புரியாத டிரைவைக் கண்டால் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். நகலும் இல்லை, படித்துப் பார்க்கப் பொறுமையும் இல்லை. இனி அதில் ஒரு ஃபைல்கூட எழுதாதீர்கள். அழிந்த ஃபைல்களை மீட்கும் போட்டோரெக் மென்பொருள் இலவசம், ஓட்டி, கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள்.