சைக்கிள் பட்டறை: அந்த வெல்டிங் நான் வைத்ததுதான்

கேள்வி: அப்பாவின் பழைய 28 இன்ச் சைக்கிளை ஃபிக்ஸட் கியராக, அதாவது சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும்படி, மாற்ற ஆசை. மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே உருள விடும் பின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் வெல்டிங் வைத்தால் போதும் என்கிறான் நண்பன். சரியா அண்ணே?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் தம்பி, பட்டவன் சொல்கிறேன். ஊருக்கு வந்த வித்தைக்காரர் சைக்கிளைப் பின்பக்கமாக ஓட்டியதைப் பார்த்துவிட்டு, பதினேழு வயதில் முதலாளிக்குத் தெரியாமல் ஃப்ரீவீலில் நாலு பொட்டு வெல்டிங் வைத்தேன். கெத்துக்காக பிரேக்கையும் கழற்றினேன். பாலத்து இறக்கத்தில் காலால் பெடலை அமுக்கிப் பிடித்தால், பெடல் நின்றது, சக்கரம் நிற்கவில்லை. வாய்க்காலில் கிடந்தேன்.

வெல்டிங் விடவே இல்லை. ஃப்ரீவீலே முழுசாக, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலிருந்து அவிழ்ந்துவிட்டது. ஹப்பில் இருப்பது வலது மரை. முன்னால் மிதித்தால் இறுகும், காலால் தடுத்தால் அவிழும். ஃபிக்ஸட் கியருக்கென்றே செய்த டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே சற்றுச் சிறிதாக இன்னொரு படி உண்டு. அதில் எதிர் மரை, நம் இடது பெடலில் இருக்கிற மாதிரி. பல்சக்கரம் அவிழப் பார்த்தால் அங்கே ஏற்றிய லாக் ரிங் என்ற பூட்டு வளையம் இறுகி மறிக்கும்.

சாதா ஹப்பிலும் ஃபிக்ஸட் பல்சக்கரம் ஏறும். வழக்கமான மரை ஒன்றுதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஏறுகிறதே என்றுதான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) லாக் ரிங்கை ஏற்றிப் பசை தடவுவோரும் உண்டு. அதுவும் வலது மரைதானே, இரண்டும் சேர்ந்தே கழலும்.

டிராக் ஹப்பே வாங்கு. ஆனால் உன் பின் ரிம்மில் 40 ஸ்போக் ஓட்டை இருக்கும், எண்ணிப் பார். டிராக் ஹப் பெரும்பாலும் 32 அல்லது 36. நம்ம ஊர் 28 இன்ச் முன் ரிம்முக்கு 32தான். அந்த முன் ரிம்மில் ஒன்று புதிதாக வாங்கி, 32 ஓட்டை டிராக் ஹப்போடு பின்னால் கோர்த்தால் வேலை முடிந்தது. அச்சு ஃபிரேமுக்குள் உட்காருமா என்று முதலில் அளந்துகொள்.

செயின் வீலும் பின் பல்லும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், நூல் பிடித்துப் பார். செயின் நடுவில் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் தளர்ந்தால் கழன்று சக்கரத்தையே பூட்டிவிடும். முன் பின் பிரேக் இரண்டும் இருக்கட்டும். பேன்ட் நுனிக்கு ரப்பர் பேண்டு போடு. இந்த வண்டியில் செயின் துணியைக் கவ்வினால் பெடல் நிற்காது, காலையும் சேர்த்து இழுக்கும்.