150 சிசியிலிருந்து நேராக இசட்எக்ஸ்-6ஆருக்கா?

நண்பரே, 150 சிசி வண்டியிலிருந்து கவாசாகி நிஞ்சா 650-க்குப் போவதா, அதே நிறுவனத்தின் பந்தய பாணி பைக்கான இசட்எக்ஸ்-6ஆருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் சென்னை ஓஎம்ஆரில் அலுவலகம், வார இறுதியில் ஏலகிரி என்றால் தயங்காமல் 650.

இரண்டையும் மிடில்வெயிட் (நடுத்தர ரகம்) என்றுதான் சொல்கிறார்கள், குணம் வேறு. 650-இல் இரண்டு சிலிண்டர், 68 குதிரைத்திறன். நடு ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) இழுவை கிடைத்துவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும், முரண்டு பிடிக்காமல் ஏறும். 6ஆரோ 636 சிசி, நான்கு சிலிண்டர், 120-க்கு மேல் குதிரைத்திறன். பத்தாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல்தான் அதற்கு உயிரே வரும். முழுவதுமாக முறுக்கினால் முதல் கியரிலேயே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஓஎம்ஆர் சிக்னல்களுக்கு நடுவே அதற்கு ஏது இடம்? நெரிசலில் உடல் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். இருக்கை உயரமும் 830 மி.மீ.; 650-இல் 790. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகும் கை தேர்ந்தவர் கேட்டிருந்தால் 6ஆர்தான் என்றிருப்பேன்.

பழைய 650 பார்ப்பதானால் 2023 மாடலோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள், டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் வசதி) இருக்கும். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்குங்கள்.